ஏழாவது கூண்டின் மேற்குழாய்

ஏழாவது ஆட்டின் பையில் ஆற்றுவாடை அடித்தது.

மற்ற பைகளில் வழக்கமான வாடைதான்: ஊறிய குதிரைமசால் தீவனம், பித்தம், கொஞ்சம் புளிப்பு. வருடக்கணக்காக அந்த வாடைக்கு நடுவே நின்று சாண்ட்விச் தின்றவள் நைரீ. அவள் மூக்கை ஏமாற்ற முடியாது.

தென்தீவின் அடிக்கோடியில், காற்றுக்குப் பயந்து மரங்களே ஒருபக்கமாகச் சாய்ந்து நிற்கும் சமவெளியில் இருந்தது அந்த ஆராய்ச்சிக் கொட்டகை. ஆட்டின் சிறுகுடலை நீட்டிப் பிடித்தால் எண்பது அடி வரும். நம்பாதவர்கள் ஓர் ஆட்டை அறுத்து அளந்துகொள்ளலாம். கால்நடை டாக்டர் ஸ்ட்ரூவன் அளந்திருக்கிறார். குடற்புழு ஏறிய ஆடு தின்றதில் எவ்வளவு உடம்பில் ஒட்டுகிறது, எவ்வளவு வீணாகிறது என்பது அவருடைய கேள்வி. அதற்காக ஒவ்வோர் ஆட்டின் சிறுகுடலையும் ஓரிடத்தில் வெட்டி, இரு முனைகளையும் வலது விலாவுக்குக் கீழே இரண்டு குழாய்களாக வெளியே கொண்டுவந்திருந்தார். மேற்குழாயில் வருவது கீழ்க்குழாய் வழியே மறுபடி உள்ளே போகும். நைரீயின் வேலை, மேற்குழாயில் பையைக் கட்டி வருவதைப் பிடித்து, ஒரு கரண்டி எடுத்துவைத்துக்கொண்டு, மிச்சத்தைச் சூடு ஆறுவதற்குள் கீழ்க்குழாயில் ஊற்றுவது. ஆடுகள் இதற்கெல்லாம் அலட்டிக்கொண்டதாகத் தெரியவில்லை. கூண்டுகளில் வரிசையாக நின்று, பென்ஷன் வாங்கியவர்கள் போல அசைபோட்டன.

"ஸ்ட்ரூவன், உங்க ஆடு ஆத்துல குளிச்சுட்டு வந்திருக்கு."

"என் ஆடா? போன வாரம் என்னைக் கடிச்சப்போ அது உன் மகாராணின்னு சொன்னே."

"மோந்துதான் பாருங்களேன்."

அவர் மோந்தார். "குடல் பின்ன ரோஜாவாவா மணக்கும்? ஊத்திடு."

ஊற்றினாள். புனலில் மணல் சரசரத்தது. சிமெண்டுத் தரையைவிட்டு ஒரு மாதமாக நகராத ஆடு அது.

மணலைப் பற்றி நைரீ அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் ஆற்றைப் பற்றிப் பேச வேண்டிவரும். இலையுதிர்காலத்தில் விலாங்கு பிடிக்கப் போன அவள் புருஷன் டிப்பனேயை அந்த ஆறு எடுத்துக்கொண்டது, திருப்பித் தரவில்லை. உடல் இல்லாமல், அவர்கள் வழக்கப்படி எதைக் குலக்கூடத்தில் கிடத்துவது, யாரைச் சுற்றி உட்கார்ந்து அழுவது, பாடுவது, அவன் செய்த கோமாளித்தனங்களைச் சொல்லிச் சிரிப்பது? அவன் அக்கா வாராவாரம் போனில் கேட்பாள்.

"ஏதாச்சும் கெடைச்சுதாடி?"

"இல்லக்கா."

"ஒரு பல்லு கெடைச்சாக்கூடப் போதும். மண்ணுல வெச்சுடலாம். அவனை இப்படி அலைய விடக் கூடாது."

மறுநாள் பையில் ஒரு கம்பளி நூல் வந்தது. மஞ்சள். டிப்பனேயின் சிவப்புக்கட்டம் போட்ட சட்டை முழங்கையில் கிழிந்தபோது வேறு நூல் இல்லாமல் அவள் மஞ்சளில் ஒட்டுப்போட்டாள். என்னை வாத்தாக்கிட்டாள் என்று அவன் ஊர் முழுக்க முழங்கையைக் காட்டிக்கொண்டு திரிந்தான். நூலைக் கழுவித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். அடுத்த நாள் அதே சட்டையின் ஒரு கொம்புப் பித்தான். அதையும் எடுத்துக்கொண்டாள். அதற்கடுத்த நாள் பை வெறுமையாகத் தொங்கியது, ஆனால் உள்பக்கம் வியர்த்திருந்தது. கண்ணாடிச் சன்னலில் யாரோ வாய்வைத்து ஊதியதுபோல.

ஸ்ட்ரூவன் ஆட்டின் வயிற்றில் ஸ்டெதஸ்கோப் குழலை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"ஓட்டம் நின்னு போச்சு. ஒரு சத்தமும் இல்ல. நாளைக்கு இதை முடிச்சுட்டுத் திறந்து பாத்துடலாம்."

"நான் கேக்கட்டுமா?"

"கேளு. கேட்டா கட்டணம் கிடையாது."

நைரீ கேட்டாள். சத்தம் இருந்தது. கூழாங்கற்கள்மேல் தண்ணீர் போகும் சத்தம், நல்ல அகலமான, அவசரமில்லாத தண்ணீர். குழலைத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஆமா. ஒண்ணும் இல்ல," என்றாள்.

நாளை இதை அறுத்தால் உள்ளே குடல்தான் இருக்கும். எண்பது அடி வெறும் குடல். அது அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆற்றுக்குப் போகும் கதவு இன்றைக்கு மட்டும்தான் திறந்திருக்கும்.

ஸ்ட்ரூவன் மாதிரிகளை எடுத்துக்கொண்டு நகர ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். குடல்நோய்க்காரர்களைப் பார்க்கும் டாக்டர்களும் அந்தக் கரண்டிகளுக்காகக் காத்திருந்தார்கள். குளிர்காலத்து மாலை, தேநீர் வேளைக்கே வெளிச்சம் வடிந்துவிட்டது. தகரக்கூரையில் மழை பரவலாக இறங்க, அசைபோடும் தாடைகளின் சத்தமும் மழையின் சத்தமும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கொட்டகை முழுவதும் எதையோ மெதுவாக மென்றுகொண்டிருப்பதுபோல் இருந்தது. நைரீ ஏழாவது கூண்டின் முன் மண்டியிட்டுப் பையை அவிழ்த்தாள்.

மேற்குழாய் காற்றை உள்ளே இழுத்தது.

வெளியே தள்ளுகிற குழாய் அது. இழுக்காது. கட்டைவிரல் நுழையும் அகலம். அவள் ஆள்காட்டி விரலை விட்டாள். உயிருள்ள குடல் சூடாக இருக்கும். இது சில்லென்று இருந்தது, பனி உருகிவந்த தண்ணீர் மாதிரி.

விரலில் ஒரு விரல் பட்டது.

"டிப்பனே?"

அது அவள் விரலைச் சுற்றிக்கொண்டது. மெதுவாக, கைக்குழந்தை பிடிப்பதுபோல. நைரீ அழுதாள். ஒரு பல் கேட்டாள் அக்கா. இங்கே விரலே இருந்தது. கையை முறுக்கி இன்னும் உள்ளே விட்டாள், நுழையக் கூடாத கை நுழைந்தது, மணிக்கட்டுவரை, குழாய் விரியவும் இல்லை, ஆடு நகரவும் இல்லை. உள்ளே அந்தக் கை முழுசாக அவள் கையைப் பற்றியது. அவள் இழுத்தாள். ஆற்றிலிருந்து மனிதனை இழுக்கிற மாதிரி, காலைக் கூண்டில் ஊன்றி, பல்லைக் கடித்து.

வரவில்லை.

குடலுக்கு ஒரு நடை உண்டு. இறுக்கும், விடும், ஒரு விரற்கடை நகர்த்தும். மறுபடி இறுக்கும். அவள் அதை நூறு ஆடுகளில் பார்த்திருக்கிறாள். இப்போது அது நடந்தது. நின்றுபோன குடல் நடந்தது. முழங்கைவரை உள்ளே போயிற்று.

பரவாயில்லை. பிடி விடவில்லை. எண்ணிப் பார்த்தாள், விரல்களை, இருட்டில் தொட்டு. ஒன்று. இரண்டு. கடைசியில் சுண்டுவிரல்.

சுண்டுவிரலுக்கு நுனி இருந்தது. நகம் இருந்தது.

டிப்பனேயின் சுண்டுவிரல் நுனியை இறைச்சித் தொழிற்சாலையின் ரம்பம் பதினெட்டு வயதிலேயே எடுத்துவிட்டது.

விட்டாள். அது விடவில்லை.

இறுக்கம். தோள். கன்னம் ஈரக் கம்பளியில் அழுந்தியது. காது விலாவில். உள்ளே ஆறு. ஆற்றுக்கும் அப்பால், வெகு தூரத்தில், டிப்பனேயின் குரல். அவன் கூப்பிடவில்லை. போ என்றான். வீட்டுக்குப் போ, நைரீ, போயிடு.

இறுக்கம்.

மகாராணி அசைபோட்டது. வரிசை முழுவதும் அசைபோட்டது. மழை. எதிர்வரிசையில் முதல் ஆட்டின் பை உப்பியது. அடுத்தது. அடுத்தது. கத்த வாயைத் திறந்தாள், வாய் நிறையக் கம்பளி.

கடைசிப் பைவரை எல்லாம் உப்பி நின்றன. ஒவ்வொன்றிலும் உள்ளிருந்து பிளாஸ்டிக்கை அழுத்திக்கொண்டு ஐந்து முனைகள், அவள் பக்கமாக, விரிந்தன.