மூன்று மணி டவுன்லோடு

கலையரசி கம்ப்யூட்டரில் மூன்று மணிக்கு என்று வைத்திருந்த டவுன்லோடு நேரம், காலையில் பார்த்தபோது மறுபடியும் இரண்டுக்கு மாறியிருந்தது. நேற்றும் இப்படித்தான்.

ரெட்டிபாளையத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் மதியம் இரண்டரைக்குச் சங்கு ஊதி வெடி வைப்பார்கள். வெடி வைப்பவன் அவள் புருஷன் அருள்முருகன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கியதும் சுரங்க ஆபீஸிலிருந்து போன் செய்வான். "கலை, வெடி முடிஞ்சுது." அவ்வளவுதான். அதைக் கேட்காமல் அவள் சோற்றில் கை வைத்ததில்லை. வீட்டில் இருப்பது ஒரே லைன். கம்ப்யூட்டர் இன்டர்நெட்டுக்குப் போய்விட்டால் போன் வராது. அதனால்தான் அவன் பேசி முடித்த பிறகு அப்டேட் இறங்கும்படி வைத்திருந்தாள்.

"ஏங்க, இது தானா நேரத்த மாத்திக்குதுங்க."

"ஒனக்கு முன்னாடியே அதுக்குப் பசிக்குது போல," என்று சிரித்தபடி ஹெல்மெட்டை எடுத்தான். "திருப்பி வையி. பொண்டாட்டிக்குப் போன் போட்டா மெசின் எடுக்குதுன்னு ஆபீஸ்ல என்னைய ஓட்டுவானுங்க."

திருப்பி வைத்தாள். அவன் போனான்.

மதியம், வெயில் தெருவை ஆள் அரவமில்லாமல் துடைத்துப் போட்டிருக்க, அடுப்பில் குழம்பு மெல்லக் கொதிக்கும் ஓசையும் மின்விசிறியின் கிறீச்சொலியும் கலந்து அவளைக் கண் சொருக வைத்த வேளையில், கம்ப்யூட்டர் தானே நம்பர் சுழற்றி மோடத்தின் அந்த நீண்ட, தொண்டை கிழிந்த அலறலை எழுப்பியது.

நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். நிற்கவில்லை. சுவரிலிருந்து போன் ஒயரைப் பிடுங்கினாள். அலறல் அப்படியே இருந்தது. திரையில் பச்சைக் கோடு நகர்ந்துகொண்டே இருந்தது.

பிறகு அலறல் ஓய்ந்தது. ஸ்பீக்கரிலிருந்து அவன் குரல் வந்தது. வாய் நிறைய மண்ணோடு பேசுவது போல.

"கலை, வெடி முடிஞ்சுது."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டரை ஆகவில்லை. சங்கே இன்னும் ஊதவில்லை.

ஒயரைத் திரும்பச் செருகினாள். ரிசீவரை எடுத்தாள். உள்ளே அதே அலறல். ஆபீஸ் நம்பரை அழுத்தினாள். அலறல். வாசலுக்கு ஓடினாள். தெருவில் ஒரு சைக்கிள்கூட இல்லை.

தூரத்தில் சங்கு ஊதியது.

"போகாதீங்க!" ரிசீவருக்குள் கத்தினாள். "ஏங்க, போகாதீங்க!"

வெடித்தது. கண்ணாடி அதிர்ந்தது. அடங்கியது.

போன் வரவில்லை.

"எவ்ளோ நேரமா கூப்புடறேன், கலை." ஸ்பீக்கர் மெதுவாகச் சொன்னது. "லைன் பிஸியாவே இருக்குதே."

பிளக்கைப் பிடுங்கினாள். திரை அணையவில்லை. பச்சைக் கோடு நிரம்பியது. மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

ஸ்பீக்கரின் பொடித் துளைகள் வழியே வெள்ளைத் தூள் உதிர ஆரம்பித்தது. சுண்ணாம்பு. இளஞ்சூடாக. கீபோர்டை மூடியது. மேசையில் குவிந்தது.

அந்தக் குவியல், மூச்சு விடும் நெஞ்சைப் போல, மெல்ல ஏறி இறங்கியது.