ஏழாவது ஒயர்

"ஐயோ...!"

காலை ஏழே முக்கால். வாட்ச்மேன் போட்ட அலறலில் ஒயர் ஃபாக்டரியின் தகரக் கூரையே அதிர்ந்தது.

வெளியே சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்த மைக்ரோ, ஸ்டாண்டைக்கூடப் போடாமல் உள்ளே ஓடினாள்.

மைக்ரோ என்பது பட்டப்பெயர். அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தைக் கண்ணாலேயே சொல்லிவிடுவாள். ஒயரை இழுத்து, அளந்து வெட்டி, முனையில் உறையை உரித்து, டெர்மினல் என்னும் உலோக முனையை அழுத்திப் பொருத்தும் மெஷினுக்கு அவள்தான் ஆபரேட்டர். வாட்ச்மேன் அவளுக்குச் சொந்தத் தாய்மாமன்.

மெஷின் முன்னால்... குப்புற ஓர் உடல். கையும் காலும் மும்மூன்று சிவப்பு ஒயர்களால் கட்டப்பட்டிருந்தன.

"மேனேஜர் செத்துட்டாரும்மா..."

உடல் தும்மியது.

"சாகலை மாமா," என்றாள் மைக்ரோ. "போலீஸுக்கு போன் பண்ணுங்க. அவங்க வர்ற வரைக்கும் கட்டைத் தொடாதீங்க."

பத்தே நிமிடத்தில் இன்ஸ்பெக்டர் வந்து நின்றார். கட்டோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த மேனேஜர் மூச்சு வாங்கினார்.

"சரியா ஏழு மணி சார். உள்ளே வந்து லைட்டைப் போட்டேன். பின்கதவு வழியா ரெண்டு முகமூடி. என்னைக் கட்டிப் போட்டுட்டு, அலமாரியைச் சாவி போட்டுத் திறந்து, புது டையைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க."

"டைன்னா?"

"டெர்மினலை அழுத்துற அச்சு. கஸ்டமர் நம்பிக் கொடுத்தது. பதினோரு மணிக்கு அதைப் பார்க்க வர்றாங்க."

"சாவி யார்கிட்ட?"

"ஒண்ணு என் பாக்கெட்ல. இன்னொண்ணு இவகிட்ட. வாட்ச்மேன் இவளோட மாமன். தூங்குற மாதிரி நடிச்சு உள்ளே விட்டிருக்கான். இதுக்கு மேல நான் என்ன சொல்ல?"

மைக்ரோ மாமாவைப் பார்த்தாள். வேலை போனால்கூடப் பரவாயில்லை. மாமாவையும் சேர்த்து உள்ளே தள்ளிவிடுவார்களே...

இன்ஸ்பெக்டர் கட்டிங் பிளேயரை எடுத்து மேனேஜரின் கையருகே குனிந்தார்.

"வெட்டாதீங்க சார். இழுத்தாலே வந்துடும்."

இழுத்தாள். டக்!

"முடிச்சே இல்லையே," என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஒரு முனையில நாக்கு, இன்னொரு முனையில கூடு. சொருகினா போதும். தன் கையைத் தானே முடிச்சுப் போட்டுக் கட்டிக்க முடியாது. சொருகிக்க முடியும். கால்ல இருக்கிறதைக் கையால... கையில இருக்கிறதைப் பல்லால. இங்க பாருங்க, பல் பட்ட தடம். அதுவும் மணிக்கட்டுக்கு அளவெடுத்து வெட்டின ஒயர். அவசரத்துல வந்த திருடன் அளவெடுத்துக்கிட்டா இருப்பான்?"

மேனேஜர் சிரித்தார்.

"வலி தாங்காம கடிச்சேன். ஒயரை அவங்க முன்கூட்டியே வெட்டி வெச்சிருப்பாங்க. இவளே வெட்டிக் கொடுத்திருப்பா. கதை விடாம ஆதாரம் இருந்தா காட்டச் சொல்லுங்க சார்."

இன்ஸ்பெக்டர் மைக்ரோவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இரக்கம்தான் இருந்தது. நம்பிக்கை இல்லை.

மைக்ரோ மெஷினைத் திரும்பிப் பார்த்தாள். திரையில் இன்றைக்கு வெட்டிய ஒயர்களின் கணக்கு மினுங்கியது.

ஏழு.

கையில் மூன்று, காலில் மூன்று. ஆறுதான் ஆகிறது. ஏழாவது...?

சட்டென்று அவள் முகம் மலர்ந்தது.

"சார், இங்க ஒரு சட்டம் இருக்கு. மேனேஜர் சார் போட்டது. மெஷின்ல முதல்ல வர்ற பீஸை இழுத்துப் பார்க்கணும். அட்டை கட்டி, நேரமும் கையெழுத்தும் போட்டு, பலகையில மாட்டணும். அப்புறம்தான் அடுத்த பீஸ். ஒருநாள் மறந்துட்டேன்னு என்னை வீட்டுக்கே அனுப்பிட்டாரு."

"அதுக்கென்ன இப்போ?"

"பலகையைப் பாருங்க."

கதவோரம் மாதிரிப் பலகை. அதில் ஒரு சிவப்பு ஒயர் ஜம்மென்று தொங்கியது. இன்ஸ்பெக்டர் அட்டையைத் திருப்பி உரக்கப் படித்தார்.

"இன்னைய தேதி. நேரம் ஏழு பன்னெண்டு. இழுத்துப் பார்த்தது, சரி... கீழே கையெழுத்து."

கையெழுத்தை எல்லோருக்கும் தெரியும். தினமும் திட்டு வாங்கித் தரும் அட்டைகளில் அதுதான் இருக்கும்.

"ஏழு மணிக்குக் கட்டிப்போட்ட ஆள், ஏழு பன்னெண்டுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே சார்?" என்றாள் மைக்ரோ.

மேனேஜர் அட்டையையே பார்த்தார்.

"இருபது வருஷப் பழக்கம்... கை தானாப் போயிடுச்சு."

அவருடைய சாப்பாட்டுப் பையில், துண்டில் சுற்றி, புது டை இரண்டு துண்டாகக் கிடைத்தது.

"நேத்து சாயங்காலம் கை தவறி விழுந்துடுச்சு சார். யாரும் தொடக்கூடாதுன்னு ஊரையே மிரட்டி வெச்சிருந்தேன். நானே உடைச்சேன்னு எப்படிச் சொல்ல? மானம் போயிடும்னுதான்..."

"உங்க மானத்துக்கு நாங்க ஜெயிலுக்குப் போகணுமா?" என்றாள் மைக்ரோ. இப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

மாமா அவள் காதருகே குனிந்தார்.

"நான் தூங்கினது நிஜம்தாம்மா. ஆனா நடிச்சேன்னு சொன்னாரு பாரு, அதைத்தான் தாங்க முடியலை."

அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது அவளுக்கு.

இன்ஸ்பெக்டர் இடுப்பிலிருந்து விலங்கை உருவினார். மைக்ரோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, பலகையிலிருந்து ஒரு வெற்று அட்டையை எடுத்து நீட்டினாள்.

"ஒரு தடவை இழுத்துப் பார்த்து, இதுல கையெழுத்துப் போட்டுட்டு மாட்டுங்க சார். இல்லேன்னா மேனேஜர் சார் உங்களையும் வீட்டுக்கு அனுப்பிடுவாரு!"