மாரடைப்பு என்று எழுதப்பட்டவர்கள்

இரண்டு பெண்களின் ஈ.சி.ஜி. தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது, கோடுகள் ஒன்றாகிவிட்டன. இருவரும் வெவ்வேறு ஆண்டுகளில் இறந்தவர்கள். ஆனால் ஒரு துடிப்பின் ஓரத்திலிருந்த சின்ன நடுக்கம்கூட அச்சுப் பிசகாமல் பொருந்தியது. டாக்டரம்மாவுக்குப் பிடரி சில்லிட்டது.

தேசிய இதயநோய்ப் பதிவேட்டில் ‘மாரடைப்பு’ என்று ஏறியிருப்பதெல்லாம் மாரடைப்புதானா என்று மருத்துவமனைக் கோப்புகளோடு ஒத்துப் பார்ப்பது அவள் வேலை. அதற்காகப் பழைய ஈ.சி.ஜி. அறையை ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். அடுத்த கோப்பைப் பிரித்தாள். அதே கோடு. அதற்கடுத்ததிலும். எல்லோரும் இளம்பெண்கள், எல்லோரையும் உயிர் போன பிறகுதான் இங்கே தூக்கி வந்திருக்கிறார்கள். பிணத்துக்கு ஏது துடிப்பு?

மருத்துவமனை இயக்குநரைப் போனில் பிடித்தாள்.

“யாரோட ஈ.சி.ஜி.யையோ எடுத்து எல்லாருக்கும் ஒட்டியிருக்காங்க சார்.”

“புருஷன்மாரே ஒத்துக்கிட்டுப் போயிட்டாங்க, உங்களுக்கென்ன டாக்டர்? ‘சரி’ன்னு போட்டுட்டு வீட்டுக்குக் கிளம்புங்க.”

“மாட்டேன் சார்.”

“வேலை இருக்கணுமா வேணாமான்னு யோசிச்சுக்கங்க.”

“யோசிச்சாச்சு.” போனை வைத்தாள்.

விடுமுறை நாள். பட்டப்பகலில் அந்த மாடி வெறிச்சோடிக் கிடந்தது. தாழ்வாரத்தின் கோடியில் ஏதோ ஒரு கதவு காற்றில் முனகிக்கொண்டிருக்க, பினாயில் நெடிக்கு அடியிலிருந்து, நெஞ்சில் தடவும் ஜெல்லின் குளிர்ந்த வாசனை மெல்ல மெல்ல மேலேறி வந்து, அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டது போலிருந்தது. அப்புறம் அந்தச் சத்தம். தாளில் முள் கீறும் சத்தம்.

திரைக்குப் பின்னால்.

விலக்கினாள். மூலையில் ஒதுக்கிவைத்த பழைய இயந்திரம் தாளைத் தள்ளிக்கொண்டிருந்தது. அதன் பிளக் தரையில் கிடந்தது. தாளில் அதே கோடு. அதே நடுக்கம்.

கட்டிலில் யாருமில்லை. ஆனால் மெத்தை குழிந்திருந்தது. அதற்கு ஒரு சாண் மேலே, அந்தரத்தில், நெஞ்சில் ஒட்டும் ரப்பர் குமிழ்கள் வரிசையாக நின்றன. தோலைக் கவ்வியது போல.

கால் கதவுப் பக்கம் இழுத்தது. ஓடிவிடலாம். ஓடினால், இவள் சாவும் மாரடைப்பு என்றேதான் நிற்கும்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பேனாவைத் திறந்தாள்.

“மாரடைப்புன்னு நான் எழுத மாட்டேன். எங்க வலிச்சுதுன்னு நீயே காட்டும்மா.”

கீறல் நின்றது.

குமிழ்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. மேலே நகர்ந்தன. தோளைத் தாண்டி. கழுத்துக்கு. இரண்டு முன்பக்கம், கட்டைவிரல்கள் பதியும் இடத்தில். மற்றவை இருபுறமும்.

அழுத்தின.

அழுத்திக்கொண்டே இருந்தன.

அவள் கண்ணை எடுக்கவில்லை. பார்த்ததைப் பார்த்தபடியே எழுதினாள். வெளியே தாழ்வாரத்தில் வெறுங்கால் சத்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, கதவருகே வரிசையாக நின்றன.

புதுப் பக்கத்தைத் திருப்பினாள்.

“அடுத்தவங்க உள்ள வாங்க.”

கதவின் பிடி திரும்பியது.