தேனீக்களுக்குச் சொல்லாத சாவு

சமையலறை ஜன்னலின் உறைபனிமேல் ஒரு தேனீ நடந்துகொண்டிருந்தது. ஏரி உறைந்து கிடந்த, மூச்சு விட்டால் மீசையில் பனி பிடிக்கும் ஜனவரிப் பிற்பகல் அது; அதற்குள்ளேயே பொழுது இறங்கி பிர்ச் மரங்கள் நீலமாக இருட்டிக்கொண்டு வந்தன. இந்தக் குளிரில் கூட்டைவிட்டு வெளியே வரும் தேனீ நாலு இறக்கையடிப்பில் விறைத்து விழுந்துவிடும் என்று தௌனோவுக்குத் தெரியும். இது விழவில்லை. அது கால் வைத்த இடமெல்லாம் உறைபனி உருகி, கண்ணாடியில் ஈரக்கோடு இறங்கியது.

"என்னத்த அப்படிப் பாக்குற?" என்றாள் ஹெல்வி. செத்துப்போன அவன் அண்ணன் இல்மரியின் மனைவி. முற்றத்தின் எதிர்ப்பக்கத்துப் பெரிய வீட்டிலிருந்து ஏலக்காய் ரொட்டி கொண்டுவந்திருந்தாள்.

"தேனீ, அண்ணி."

"இந்தக் குளிர்லயா? மத்தியானமே ஊத்திக்கிட்டியா?" சிரித்தாள். பிறகு காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "ஆமா, தேனீப் பெட்டியைத் தட்டி இல்மரி போயிட்டாருன்னு சொன்னியா? எங்க அம்மா வீட்டுல, வளர்த்தவர் செத்தா முதல்ல தேனீக்குத்தான் சொல்லுவாங்க."

"பூச்சிகிட்டப் போய் சாவு சொல்லணுமாக்கும்!"

"சொல்லாட்டி அதுங்களே விசாரிச்சுக்கும், தம்பி."

அவள் போன பிறகும் அந்தச் சொல் அடுப்பருகிலேயே உட்கார்ந்திருந்தது. விசாரிக்க என்ன இருக்கிறது? நவம்பரில் ஹெல்வி தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது, பெட்டிகளைப் பார்த்துவிட்டு வந்த இல்மரி பனிக்கட்டியில் சறுக்கிக் காலை முறித்துக்கொண்டான், குளிரில் விறைத்துச் செத்தான் என்றுதான் ஊர் பேசியது. அவன் கூப்பிட்டது ஊருக்குக் கேட்கவில்லை. தௌனோவுக்குக் கேட்டது. கோடை நடனத்தில் ஹெல்வி தன்னை விட்டு அண்ணனின் கையைப் பிடித்த நாள் முதல் அவனுக்குள் படுத்துக் கிடந்த ஒன்று அன்று எழுந்து, விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று, குரல் ஓயும்வரை கேட்டுக்கொண்டிருந்தது.

மேலங்கியை மாட்டிக்கொண்டு பெட்டிகளிடம் போனான். பனிக்காலத்தில் பெட்டியில் காதை வைத்தால், ராணியை நடுவில் வைத்துப் பந்தாகத் திரண்ட தேனீக்கள் உடம்பை நடுக்கிச் சூடேற்றும் தாழ்ந்த ரீங்காரம் கேட்கும். கேட்கவில்லை. மூடியைத் திறந்தான். மெழுகு வாசனை முகத்தில் வெதுவெதுப்பாக அடித்தது. ஒரு தேனீகூட இல்லை. செத்ததுகூட இல்லை. அடுத்த பெட்டியும் அப்படியே. அதற்கடுத்ததும்.

அப்போதுதான் கீழே பார்த்தான். பெட்டிகளின் வாசலிலிருந்து பனியின்மேல் விரலகலத்தில் பழுப்புக் கோடு ஒன்று இறங்கிச் சென்றது. கோடு நகர்ந்தது. தேனீக்கள் ஒன்றன்பின் ஒன்றாக, பறக்காமல், நடந்து போய்க்கொண்டிருந்தன. ஏரிக்கரைச் சவுனாவை, அந்த நீராவிக் குளியல் குடிலை நோக்கி.

இல்மரி செத்த பிறகு அதில் யாரும் குளிக்கவில்லை. ஆனால் கூரையில் பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. புகைபோக்கியில் புகை இல்லை. ஹெல்விதான் அடுப்பை மூட்டியிருப்பாள் என்று சொல்லிக்கொண்டான். தணல் இருக்கும். வெதுவெதுப்புக்குத் தேனீ போகிறது, அவ்வளவுதான்.

"அண்ணி? உள்ளயா இருக்கீங்க?"

கதவைத் திறந்து உள்ளே போனான். அவனுக்குப் பின்னால் கதவு தானே சாத்திக்கொண்டது.

இருட்டு. வியர்க்கும் சூடு. பழைய பிர்ச் இலை வாசனை, அதற்கடியில் தேன். அடுப்பைத் தொட்டுப் பார்த்தான்.

ஜில்லென்றிருந்தது.

மேல் பலகையில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். அகன்ற தோள். குனிந்த தலை. ஒரு கால் முழங்காலுக்குக் கீழே தப்பான பக்கம் திரும்பியிருந்தது. தோல் மட்டும் ஓயாமல் ஊர்ந்தது.

சத்தமே இல்லை. ஆயிரமாயிரம் தேனீக்கள், ஒரு முணுமுணுப்பும் இல்லை. காத்திருந்தன.

"எனக்குக் கேக்கல இல்மரி," என்றான் தௌனோ. "சத்தியமா. நான் தூங்கிட்டேன்டா."

ரீங்காரம் எழுந்தது. பலகை அதிர்ந்தது. பல் அதிர்ந்தது. சூடு ஏறியது.

கதவுப் பிடியைத் துழாவினான். பிடி ஊர்ந்தது. கை வழியே ஏறியது. எதுவும் கொட்டவில்லை.

அது எழுந்து நின்றது. முறிந்த காலை இழுத்துக்கொண்டு இறங்கியது. ஒரு படி. இன்னொன்று.

அவன் முன்னால் வந்து நின்று, நெஞ்சிலிருந்து தொடைவரை, மேலங்கியைப் பிரிப்பதுபோல் மெதுவாகத் திறந்தது. உள்ளே எலும்பில்லை. இல்மரியும் இல்லை. சிவந்த சூடு மட்டும். அதன் நடுவே, தலையும் தோளும் கையும் காலும் சரியாக அளவெடுத்தாற்போல், தௌனோ நிற்பதற்கான காலியிடம்.