நகம் அளவு முகம்

போட்டோ ஸ்டுடியோவின் குறுகலான படிகளில் ஏறும்போதே அவனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அம்மா இறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் வெறும் சுவரைப் பார்த்து, "அம்மா போட்டோ எங்கப்பா?" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். போனைத் திறந்தால் பூனைக்குட்டிக்குப் படம் இருக்கிறது, புது காருக்கு இருக்கிறது. பெற்றவளுக்கு ஒன்றே ஒன்று, அதுவும் அவளை எடுத்ததல்ல.

அவன் மேனேஜர் ஆன புதிதில் மேலதிகாரி குடும்பத்தோடு வீட்டுக்கு விருந்துக்கு வந்தார். அன்று எடுத்த படம். சோபா நிறையச் சிரித்த முகங்கள். ஓரத்தில், சமையலறை வாசலில், கதவு நிலையைப் பிடித்தபடி அம்மா. முகம் சுண்டுவிரல் நகம் அளவு.

ஸ்டுடியோக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "பெருசு பண்ணலாம் சார். ஆனா கட்டம் கட்டமா உடைஞ்சிடும். ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, இல்லாததை அதுவே ஊகிச்சு நிரப்பும். கண்ணு மூக்கு எல்லாம் வரும். அது உங்கம்மா கண்ணு மூக்கான்னு மட்டும் என்னைக் கேக்கக் கூடாது."

"எப்படியாவது பண்ணிக் குடுங்க. ஞாயித்துக்கிழமை எல்லாரும் வர்றாங்க."

அவனையும் கூட வந்த தங்கையையும் அவர் பின்னறைக்கு அழைத்துப் போனார். பட்டப்பகலிலும் அங்கே இருட்டாக இருந்தது. ஜன்னலுக்குக் கறுப்புத் திரை. ஈரச் சுவரின் வாடை. கம்ப்யூட்டர் விசிறி மட்டும் உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது.

திரையில் முகம் இரண்டு மடங்கானது. உடையவில்லை. இன்னும் பெரிதானது. நெற்றியில் வியர்வையோடு ஒட்டிய முடி ஒவ்வொன்றாகத் தெரிந்தது. நிலையைப் பிடித்த விரல்களில் சோப்பு நுரை.

"அடேங்கப்பா! சாஃப்ட்வேர் சூப்பரா வேலை செய்யுதே" என்றான் அவன்.

ஸ்டுடியோக்காரர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "அதை இன்னும் நான் ஆன் பண்ணவே இல்ல சார்."

"அண்ணா," தங்கை கிசுகிசுத்தாள். "பாத்திரம் கழுவுற சோப்பு வாசனை வரல?"

வந்தது.

ஸ்டுடியோக்காரர் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

படம் நிற்கவில்லை.

கன்னம் விலகியது. கண் வந்தது. கண்ணின் கருமணி திரையை நிறைத்தது. அதற்குள் ஓர் ஆள் நின்றான். ஒரு கையில், முகத்தை மறைத்தபடி போன். மறு கையால், தெருநாயை விரட்டுவதுபோல, போ போ என்று சைகை.

"போட்டோ எடுத்தவரு போல. யாரு சார் இந்த ஆளு? பெரியவங்கன்னுகூடப் பாக்காம விரட்டறான்?"

தங்கை மெல்லத் திரும்பி அண்ணனைப் பார்த்தாள்.

"டிரைவர்" என்றான். "ஆபீஸ் டிரைவர்."

சொன்ன வாயை அறுத்துப் போடலாம் போலிருந்தது. காதுவரை சூடேறியது.

திரையில் அம்மா இமையைத் தாழ்த்திக்கொண்டாள்.

பிரிண்ட்டைச் சுருட்டிக் கொடுத்த ஸ்டுடியோக்காரர் அதைத் தொட்ட விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார். அதன்பிறகு அவன் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிறைந்துவிட்டது. படத்தில் அம்மாவும் அந்த வாசலும் மட்டும். அத்தை வாயைப் பிளந்தாள். "என்ன தெளிவு! யாருடா எடுத்தது?"

"டிரைவர் அத்தை."

"நல்லா எடுத்திருக்கான். ஆனா ஏன்டா, நடுவுல நிக்கவெச்சு எடுத்திருக்கக் கூடாது? பாதி உடம்பு கதவுக்குப் பின்னால போயிடுச்சே."

சட்டம் மாட்டும்போது அம்மா நடுவில்தான் இருந்தாள்.

சற்றுப் பொறுத்து மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அருகில் போனார். "யாருப்பா எடுத்தது?"

அவன் படத்தையே பார்த்தான். நிலையில் நான்கு விரல் மட்டும் மிச்சமிருந்தது. இன்னொரு முறை டிரைவர் என்றால் அதுவும் போய்விடும் என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"நான்தான்" என்றான். "நான்தான் எடுத்தேன். ஈரக் கையோட வந்து நிக்கிறியேன்னு விரட்டினேன். என்னை மேனேஜர் ஆக்கினவர் முன்னாடி என் அம்மாவைக் காட்ட வெக்கப்பட்டேன், மாமா."

கூடம் கப்சிப் என்றானது. அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். அவன் கூனிக் குறுகி நின்றான்.

அப்போதுதான் எல்லாருக்கும் கேட்டது.

சமையலறையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

யாரோ அதை மூடினார்கள்.

எல்லாரும் கூடத்தில்தான் இருந்தார்கள்.

"அம்மா," என்றான் அவன், சமையலறை வாசலைப் பார்த்து. "வாம்மா. உள்ள வாம்மா. எல்லாரும் இருக்காங்க."

சோப்பு வாசனை வந்தது. கதவு நிலையில், சமையலறைப் பக்கமிருந்து பிடித்தாற்போல், நான்கு ஈர விரல்தடம் படிந்தது. அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை.

படத்தில் இப்போது வாசல் மட்டும்தான், மரத்தின் ரேகைகூடத் தெரிகிற தெளிவோடு. நிலையில் இருக்கும் தடத்தை அவன் துடைப்பதில்லை. அது காய்வதுமில்லை. வேலைக்குக் கிளம்பும்போதும் திரும்பி வரும்போதும் அங்கே நின்று கூப்பிடுகிறான்.

அவள் பக்கத்தில்தான் இருக்கிறாள். விருந்தாளிகள் இன்னும் போகவில்லை என்று நினைக்கிறாளோ என்னவோ, உள்ளே மட்டும் வரமாட்டேன் என்கிறாள்.