இடது விளக்கு இல்லாத மஸ்டாங்

அனுசுயா தேனியில் வந்து இறங்கியபோது அவள் சேலையில் இன்னும் மண் ஒட்டியிருந்தது. கோம்பை பஸ் நிறுத்தத்தில் அம்மாவாசி அள்ளி வீசிய மண். அவள் தட்டிவிடவில்லை. அவருடைய மனைவி முருகம்மாளைக் காரால் அடித்துக் கொன்றதாக அனுசுயாவின் கணவன் சுருளிராஜனைத்தான் போலீஸ் பிடித்து வைத்திருந்தது. அந்த மனிதரை எப்படிக் கோபித்துக்கொள்வது?

"உங்க வீட்டுக்காரர் அன்னைக்கு வண்டி எடுக்கலைன்னு நிச்சயமா தெரியுமா?" என்று கேட்டாள் தேவயானி. விபத்து வண்டிகளை இன்சூரன்சுக்காகச் சோதித்துப் பழகியவள். இப்போது தேனியில் இதுபோன்ற சிக்கல்களோடு வருபவர்களுக்காகத் தனியாக விசாரிக்கிறாள்.

"தெரியாதுக்கா. நான் வீட்டுல தூங்கிட்டிருந்தேன். அவுக பட்டறையிலயே படுத்திருந்தாக." அனுசுயாவின் குரல் இறங்கியது. "ஆனா அடிச்சுப் போட்டுட்டு ஓடுற ஆளு இல்லக்கா."

பழைய அமெரிக்கக் கார்களின் கூட்டை அப்படியே வைத்துக்கொண்டு, என்ஜின், பிரேக், ஒயரிங் எல்லாம் புதிதாகப் போட்டுத் தருவது சுருளிராஜனின் தொழில். உத்தமபாளையத்தில் இருந்த பட்டறையில் தேவாரம் ஏலக்காய் எஸ்டேட் முதலாளியின் நீல மஸ்டாங் கார் நின்றிருந்தது. விடிகாலையில் திராட்சைத் தோட்ட வேலைக்கு நடந்து போன முருகம்மாளின் உடலருகே அந்தக் காரின் பழைய வட்ட விளக்குக் கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது. காரிலோ இடது விளக்கு இல்லை. முந்தின நாள் மாலை அது உறுமிக்கொண்டு வெள்ளோட்டம் போனதை ஊரே பார்த்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, சுருளிராஜன் ஓட்டிப் போனதைக் கண்ணால் பார்த்ததாக எஸ்டேட் மேனேஜர் பலவேசம் எழுதிக் கொடுத்திருந்தார்.

"முதலாளிதான் செஞ்சிருப்பாரு! மேனேஜரை ஏவி விட்டிருக்காரு!" என்று எழுந்தே விட்டார் பிச்சைமணி. ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். தேவயானிக்கு வலது கை.

"முதலாளி துபாயில இருக்காருண்ணே," என்றாள் அனுசுயா. பிச்சைமணி உட்கார்ந்துவிட்டார்.

இன்ஸ்பெக்டரின் அனுமதியோடு மறுநாள் பட்டறையைத் திறந்தார்கள். தேவயானி காரின் வலது கதவைத் திறந்து ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள்.

"இதை எப்ப இந்தப் பக்கம் மாத்துனாரு?"

"போன வாரந்தான். அமெரிக்கா வண்டியில இடது பக்கம்ல இருக்கும். அதைக் கழட்டி வலது பக்கம் வச்சாக."

"கழட்டின பழைய சாமானெல்லாம்?"

"பெட்டி கட்டி முதலாளி பங்களாவுக்கு அனுப்பிருவாக. பலவேசம் அண்ணன்தான் வாங்கி வைப்பாக."

தேவயானி இறங்கி, வெறும் குழியாக இருந்த இடது விளக்கின் இடத்தில் டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு தனியே போய் இன்ஸ்பெக்டரிடம் பேசினாள். அனுசுயாவிடம் எதுவும் சொல்லவில்லை. அன்றிரவு அனுசுயா சாப்பிடவில்லை. ஒருவேளை அவர்தான் ஓட்டியிருந்தால் என்ற நினைப்பை விரட்ட விரட்ட அது திரும்பி வந்தது.

அடுத்த நாள் பட்டறையில் எல்லோரும் கூடினார்கள். பலவேசம் வெள்ளை வேட்டியில் நிதானமாக நின்றார். அம்மாவாசி சுவரோரமாக நின்று காரையே வெறித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க பார்த்ததை ஒரு தடவை சொல்லுங்க," என்றாள் தேவயானி.

"ரோட்டுக்கு இடது ஓரத்துல நின்னேன். வண்டி என்னை உரசுற மாதிரி போச்சு. சுருளி என் பக்கத்து ஜன்னல்ல கையைத் தொங்கவிட்டு ஓட்டிட்டுப் போனான்."

"எந்தக் கை?"

"இடது கை. செம்புக் காப்பு மின்னுச்சு. எனக்கு அவனைத் தெரியாதா?"

"காப்பு அவர் இடது கையிலதான் போடுவாரு. அது சரி. இந்த வண்டியில ஏறி, ஓட்டுறவர் இடத்துல உட்கார்ந்து, இடது கையை வெளியே நீட்டிக் காட்டுங்க."

பலவேசம் பழக்கத்தில் இடது கதவைத் திறந்தார். அங்கே ஸ்டியரிங் இல்லை. கதவைப் பிடித்த கை அப்படியே நின்றது.

"நீங்க சொல்றது இடது பக்கம் ஸ்டியரிங் இருந்த பழைய வண்டியை. போன வாரம் மாத்தினது உங்களுக்குத் தெரியாது," என்றாள் தேவயானி. "விளக்கும் அப்படித்தான். வலது பக்கம் இருக்கிற புது விளக்குல கண்ணாடியே கிடையாது, பிளாஸ்டிக். இடது பக்கம் புது ஒயர் முனையில கம்பெனி போட்ட மூடியே இன்னும் கழட்டலை. ஒயரிங் மாத்தினதுக்கு அப்புறம் அங்கே எந்த விளக்கும் மாட்டவே இல்லை. அப்படின்னா ரோட்டுல கிடந்த பழைய கண்ணாடி எங்கிருந்து வந்தது?"

"பங்களாவுல இருந்த பெட்டியில பழைய விளக்கு ரெண்டுல ஒண்ணுதான் இருக்கு," என்றார் இன்ஸ்பெக்டர். "எஸ்டேட் ஜீப்பைக் கம்பத்துல ஒரு பட்டறையில பிடிச்சிட்டோம். முன்பக்க நெளிவை எடுத்துட்டிருந்தாங்க. கொண்டு வந்து விட்டது நீங்கதான்னு சொல்றாங்க."

பலவேசம் காரின் மேல் சாய்ந்தார். "இருட்டு... கண்ணு அசந்துட்டேன்," என்று முனகினார்.

"பெரியய்யா, இனி சொல்றதைக் கேக்கக் கஷ்டமா இருக்கும்," என்று தேவயானி அம்மாவாசியிடம் திரும்பினாள். அவர் அசையவில்லை. அவள் தொடர்ந்தாள்: "போலீஸ் எடுத்த போட்டோவுல கண்ணாடித் துண்டெல்லாம் உறைஞ்ச ரத்தத்துக்கு மேல கிடக்கு. அடிபட்டு நேரங்கழிச்சுத்தான் அதைக் கொண்டு வந்து போட்டிருக்காங்க. இவர் பங்களாவுக்குப் போய்த் திரும்பி வந்திருக்காரு."

அம்மாவாசி மெல்ல நடந்து பலவேசத்தின் முன்னால் வந்து நின்றார்.

"நீ திரும்பி வந்தப்ப அவளுக்கு உசுரு இருந்துச்சா?"

பலவேசம் தரையைப் பார்த்தார். "தண்ணி கேட்டுச்சு," என்றார்.

"குடுத்தியா?"

போலீஸ்காரர்கள் பலவேசத்தை வெளியே கூட்டிப்போனார்கள். அம்மாவாசி கூடவே போய், வண்டிக் கதவு சாத்தும் வரைக்கும் அதே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிச்சைமணி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அன்று மாலை சுருளிராஜன் வீடு திரும்பினான். எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டான். அனுசுயா ஸ்டியரிங்கைச் சொன்னாள், ஒயர் மூடியைச் சொன்னாள், ஜீப்பைச் சொன்னாள்.

"முருகம்மாவுக்கு உடனே உசுரு போயிருச்சா?" என்று கேட்டான் அவன்.

அனுசுயா விளக்கை அணைத்துவிட்டு, "படுங்க," என்றாள்.