சந்தன நிற சோபா

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்...!

வியாழக்கிழமை. காலை ஆறேமுக்கால். 1964ஆம் வருஷத்து அக்னி நட்சத்திரம் அந்நேரத்துக்கே நெய்வேலி நகரியத்தை வறுக்கத் தொடங்கியிருந்தது.

ஏட்டு அய்யாசாமி வாயிலிருந்த வெற்றிலையை அவசரமாகத் துப்பிவிட்டு ரிசீவரை எடுத்தார்.

"ஹலோ... போலீஸ் ஸ்டேஷன்!"

"சார்... மைன்ஸ்லேர்ந்து தண்ணி போற வாய்க்கால்ல... ஒரு பொண்ணு சார்..."

"உயிரோடவா?"

பேசியவன் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு சைக்கிளில் வீடு திரும்பிக் கொண்டிருந்த தொழிலாளி. அவன் விசும்பினான்.

இன்ஸ்பெக்டர் ராஜாங்கம் போய்ச் சேர்ந்தபோது உடலைக் கரையேற்றியிருந்தார்கள். பதினெட்டு வயசு இருக்கும். இரண்டு மூன்று நாள் தண்ணீரில் கிடந்த உடம்பு. முகமெல்லாம் சேறு. பின்மண்டையில் ஒரு காயம்!

"யாருய்யா இது?"

"சாமியம்மா சார்," என்றார் அய்யாசாமி. "கெஸ்ட் ஹவுஸ்ல சோபா, நாற்காலி எல்லாம் சுத்தம் பண்ற கண்ணையன் இருக்காருல்ல... அவரு பொண்ணு. இன்ஜினீயர் துரைராஜ் சார் பங்களாவுல வேலை செஞ்சுகினு இருந்துது."

"அம்மா?"

"இல்லீங்க. அப்பனும் பொண்ணும்தான்."

கண்ணையனை அழைத்து வந்தார்கள். ஒல்லியான மனிதர். கெஸ்ட் ஹவுஸ் வேலையைப் பாதியில் விட்டு வந்ததால் தோளில் இன்னும் ஈரத்துணி கிடந்தது.

அவர் அலறவில்லை. மார்பில் அடித்துக் கொள்ளவில்லை. மகளின் பக்கத்தில் உட்கார்ந்தார். தோள் துணியைப் பிழிந்தார். முகத்துச் சேற்றை எடுக்க ஆரம்பித்தார். தேய்க்கவில்லை... ஒத்தி ஒத்தி எடுத்தார்.

"பெரியவரே... போதும். எழுந்திருங்க."

"தேச்சா வலிக்குங்க," என்றார் கண்ணையன்.

பதினேழு வருஷ சர்வீஸில் எத்தனையோ பிணங்களைப் பார்த்தவர் ராஜாங்கம். அன்றைக்குத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

துரைராஜ் ஒரு தனியார் கான்ட்ராக்ட் கம்பெனியின் இன்ஜினீயர். ஜீப், தோட்டக்காரன், வாசலில் போகன்வில்லா... எல்லாம் உண்டு. விசாரிக்கப் போன இன்ஸ்பெக்டரை உட்கார வைத்து காபி கொடுத்தார்.

"திங்கக்கிழமை சாயங்காலமே கிளம்பிட்டா சார். திருவதிகையில அத்தை வீட்டுக்குப் போறேன்னு சொன்னா. பாவம்... நல்ல பொண்ணு."

அவர் மனைவி கஸ்தூரியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக் கொண்டாள். கண்ணில் துடைக்க ஒன்றும் இல்லை. இன்ஸ்பெக்டர் அப்போது காபியைப் பார்த்துக் கொண்டிருந்தார்!

டாக்டர் என்ன சொன்னார்? வாய்க்காலின் சிமெண்ட் விளிம்பில் விழுந்தாலும் அப்படிக் காயம் படலாம் என்றார்.

கால் தவறி விழுந்து மரணம். கேஸ் கிட்டத்தட்ட முடிந்தது.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு கண்ணையன் ஸ்டேஷன் வாசலில் வந்து நின்றார். மகளை எரித்துவிட்டு வந்த சாம்பல் காலில் அப்படியே இருந்தது.

"உள்ள வாங்க. உக்காருங்க."

"வேணாங்க. நின்னுகினே சொல்றேன்." கையைக் கட்டிக்கொண்டார். "செவ்வாக்கிழமை காலையில இன்ஜினீயர் ஐயா ஆள் அனுப்பிச்சாருங்க. சோபாவுல கறிக்குழம்பு கொட்டிடுச்சு, வந்து எடுத்துக் குடுன்னு."

"சரி..."

"போனேன். சந்தன நிறத்துல வெல்வெட்டு சோபா. ஒரு ஓரத்துல இவ்ளோ அகலத்துக்குக் கறை. ராத்திரி வூட்டுக்கு வராத எம் பொண்ணு எங்கன்னு கேட்டேன். அத்தை வூட்டுக்குப் போயிருக்கான்னாரு. எங்கிட்ட சொல்லாம போயிட்டாளேன்னு அவ மேல கோவம்கூட பட்டேங்க." குரல் உடைந்தது. "அது குழம்பு இல்லீங்க."

ராஜாங்கம் நிமிர்ந்தார்.

"எப்படிச் சொல்றீங்க?"

"குழம்புன்னா மஞ்சள் இருக்கும். சோப்புத் தண்ணி பட்டா மஞ்சள் செவப்பாவும். வேட்டியில குழம்பு பட்டு சோப்பு போட்டா ஆவும் பாருங்க... அது மாதிரி. இது ஆவலை. எண்ணெயும் இல்லை. பாண்டிச்சேரியில வெள்ளக்காரர் வூட்டுல பன்னெண்டு வருசம் இதே வேலை பார்த்தவன் நான். அது ரத்தங்க!"

ஏட்டு அய்யாசாமியின் பேனா நின்றது.

"தெரிஞ்சா வேலை செஞ்சீங்க?"

"தெரிஞ்சுதான் செஞ்சேன்." கண்ணையன் தரையைப் பார்த்தார். "பெரிய வூடு. யாருக்காவது மூக்குல ரத்தம் வந்திருக்கும்னு நெனச்சேன். கேட்டா அடுத்த தபா கூப்பிட மாட்டாங்க. நான் பர்மனெண்ட் இல்லீங்களே... வாயைத் தொறக்காம பச்சைத் தண்ணியில உப்பு போட்டு சுத்தமா எடுத்துட்டேன். அம்மா பார்த்துட்டு, புதுசு மாதிரி ஆயிடுச்சுன்னாங்க. எனக்கு சந்தோசமா இருந்துது."

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். மகளின் ரத்தத்தை மகளின் ரத்தம் என்று தெரியாமல் துடைத்து, அதற்குப் பாராட்டும் வாங்கிக்கொண்ட மனிதருக்கு என்ன ஆறுதல் சொல்வது? ராஜாங்கம் தண்ணீர் கொடுத்தார்.

"கறையே இல்லேன்னா நான் எதை வெச்சு அவரைக் கேக்கறது பெரியவரே? நீங்களே அழிச்சிட்டீங்களே!"

"மேலதாங்க அழிச்சேன்!"

"என்னது?"

"வெல்வெட்டுக்குத் தண்ணி ஆவாதுங்க. துணியை ஒட்டப் பிழிஞ்சு மேலாக்க ஒத்தித்தான் எடுக்கணும். உள்ள பஞ்சுக்கு எறங்கினது அங்கியேதான் இருக்கும். அதை யாரும் தொட மாட்டோம்."

"தண்ணிய ஊத்தினா என்ன ஆகும்?"

"பஞ்சு ஊறிடும். வெயில்ல காயறப்ப, உள்ள இருக்கற அழுக்கு அத்தனையும் ஈரத்தோட மேல ஏறி வந்துடும்."

ராஜாங்கம் மேஜையை ஓங்கித் தட்டினார்.

"அய்யாசாமி! அந்த சோபா இப்ப எங்க இருக்கு?"

ஏட்டு தயங்கினார். "சார்... அவருக்கு பம்பாய்க்கு மாத்தல். சாமான் ஏத்த லாரி வந்து நிக்குது. நாலு மணிக்குக் கிளம்புது!"

மணி பன்னிரண்டு.

சோபாவைக் கிழித்துப் பார்க்க வேண்டுமானால் வாரண்ட் வேண்டும். வாரண்ட் கடலூரிலிருந்து வருவதற்குள் சோபா விழுப்புரம் தாண்டிவிடும்!

கண்ணையன் கண்ணைத் துடைத்தார்.

"நான் போறேங்க. அம்மாவுக்கு அந்த சோபா மேல உசுரு. நான் சொன்னா விடுவாங்க."

போர்ட்டிகோவுக்கு வெளியே லாரி. பக்கத்திலே கட்டில், பீரோ, கோணி சுற்றிய மேஜை. நடுவில் சந்தன நிற சோபா, வெயிலில் மின்னிக்கொண்டு!

கஸ்தூரியம்மாள் கண்ணையனைப் பார்த்ததும் ஒரு அடி பின்வாங்கினாள்.

"நீ எதுக்குய்யா வந்தே? பொண்ணை எரிச்சு ஒரு நாள் ஆகலியே..."

"வூட்டுல இருக்க முடியலீங்கம்மா. வேலை செஞ்சா மனசு கொஞ்சம் ஆறும்." கண்ணையன் சோபாவின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். "இங்க பாருங்க, அன்னிக்கு நான் எடுத்த எடத்துல லேசா ஒரு கோடு. இப்ப விட்டா பம்பாய் போயி சேர்றதுக்குள்ள பழுப்பா நின்னுடும்."

"ஐயையோ! எங்க?"

"வெயில்ல பார்த்தா தெரியுங்க."

கோடு எதுவும் இல்லை. ஆனால் ஆசைப்பட்டு வாங்கிய பொருளில் கறை இருக்கிறது என்று சொன்னால், இல்லாத கறையும் தெரியத்தான் செய்யும். கஸ்தூரியம்மாள் குனிந்து பார்த்தாள்.

"ஆமா... இருக்குது. சீக்கிரம் எடுத்துடு."

அவள் லாரிக்காரனிடம் பேசத் திரும்பினாள். கண்ணையன் குழாயடிக்குப் போய் ஒரு வாளி நிறையத் தண்ணீர் பிடித்து வந்தார். இத்தனை வருஷத் தொழிலில் கனவில்கூடச் செய்யாத காரியம்.

சளார்...!

"அட பாவி! என்ன பண்றே?"

இன்னொரு வாளி!

"அய்யோ, என் சோபா...! ஏங்க... இங்க வாங்களேன்!"

துரைராஜ் உள்ளேயிருந்து ஓடிவந்தார். கண்ணையனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"கையை எடுங்க மிஸ்டர் துரைராஜ்!"

வாசலில் ராஜாங்கம். பின்னால் அய்யாசாமி.

"இன்ஸ்பெக்டர், இவனுக்குப் பைத்தியம் பிடிச்சிடுச்சு! இவனை அரெஸ்ட் பண்ணுங்க!"

"பண்ணலாம். சோபா காயட்டும். அதுக்கப்புறம் யாரை அரெஸ்ட் பண்றதுன்னு முடிவு பண்ணலாம்."

"என்ன உளர்றீங்க?"

"லாரி நாலு மணிக்குத்தானே? மணி ஒண்ணேகால்தான் ஆகுது."

காத்திருந்தார்கள்.

அக்னி நட்சத்திரத்து வெயில் வெல்வெட்டின் மீது நின்று காய்ந்தது. கண்ணையன் மட்டும் சோபாவின் பக்கத்தில், சுடுகிற மண்ணில் உட்கார்ந்திருந்தார். கறை வரக்கூடாது என்றும் வேண்டிக்கொண்டார், வரவேண்டும் என்றும் வேண்டிக்கொண்டார். வராவிட்டால் மகள் கால் தவறி விழுந்ததாகவே இருக்கும். வந்துவிட்டால்... அது அவள் ரத்தம்!

இரண்டே முக்கால்.

ஓரம் காய ஆரம்பித்தது. முதலில் ஒரு மங்கலான வளையம். பிறகு அது பழுப்பாயிற்று. உள்ளங்கை அகலம் ஆயிற்று. ஒரு முறம் அகலத்துக்குப் பரவி நின்றது!

"சாமியம்மா..." என்றார் கண்ணையன், மெல்ல.

துரைராஜின் நெற்றியில் வியர்வை. "கு... குழம்பு அது. அன்னிக்கே சொன்னேனே..."

கண்ணையன் எழுந்தார். மடியிலிருந்து சோப்புத் துண்டை எடுத்து ஈரத்துணியில் குழைத்தார். கறையின் மீது வைத்து அழுத்தினார். எடுத்தார்.

சிவக்கவில்லை!

"மஞ்சள் போடாத குழம்பா மிஸ்டர் துரைராஜ்?" என்றார் ராஜாங்கம். "இந்தத் துணி சென்னை லேபுக்குப் போகும். உள்ள இருக்கற பஞ்சும் போகும். உங்க ஜீப்பு திங்கக்கிழமை ராத்திரி வாய்க்கால் பக்கம் போச்சான்னும் நான் விசாரிப்பேன். நீங்களே சொல்லிட்டா நல்லது."

துரைராஜ் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார்.

"நானே சொல்றேன். மனைவி வீட்ல இல்லாத நேரம். வயசுப் பொண்ணு. நீங்க தப்பா நடந்துக்கப் போனீங்க. அவ முரண்டு பிடிச்சா. அடிச்சுக் கொன்னுட்டீங்க... சரிதானே?"

துரைராஜ் தலையைக் குனிந்தார்.

"ஆமா," என்றார். "நான்தான்."

அய்யாசாமி விலங்கை எடுத்தார்.

"நிறுத்துங்க!"

கத்தியது கஸ்தூரியம்மாள். முகம் சிவந்து, உடம்பு பதறிக் கொண்டிருந்தது.

"என் புருஷனைப் பத்தி என்ன பேச்சு பேசறீங்க? வேலைக்காரிகிட்டப் போறவரா அவரு? ஊரெல்லாம் அப்படிச் சொல்லுமே... நான் எப்படித் தலைநிமிர்ந்து நடக்கறது?"

"கஸ்தூரி! வாயை மூடு!" துரைராஜ் அலறினார்.

"மூட மாட்டேன்! அவரு அப்ப சைட்ல இருந்தாரு. வந்து மறைச்சதுதான் அவரு. நான் கடைக்குப் போயிட்டு வந்து பார்க்கறேன்... அந்தப் பொண்ணு சோபா பக்கத்துல மண்டி போட்டு உக்காந்துகிட்டு, கத்தரிக்கோலால என் வெல்வெட்டை வெட்டறா! அந்த ஆத்திரத்துல பித்தளைப் பூச்சாடியை எடுத்து... ஒரே அடிதான். சோபாவுலயே சாய்ஞ்சிட்டா. நான் கொல்லணும்னு அடிக்கலே!"

விலங்கு அய்யாசாமியின் கையிலேயே நின்றது.

"வெட்டினாளா? எதுக்கு வெட்டணும்?" என்றார் ராஜாங்கம்.

பதில் கீழேயிருந்து வந்தது. கண்ணையன் தரையில் விழுந்திருந்தார்.

"நூலுக்குங்க..."

"நூலா?"

"போன வாரம் அம்மா சொல்லி அனுப்பிச்சாங்க. ஊருக்குப் போறதுக்குள்ள சோபாவுல இருக்கற கரித்தூளை எடுக்கணும்னு. வெல்வெட்டுலயே பட்டு இருக்குது, பருத்தி இருக்குது, புதுசா மெஷின்ல செய்யறது என்னென்னமோ இருக்குது. தெரியாம கை வெச்சா பாழாயிடும். ஒரு நூலைக் கொளுத்தி மோந்து பார்த்தா தெரிஞ்சுடும். பட்டுன்னா முடி கருகற வாசனை வரும். பருத்தின்னா காகிதம் எரியற மாதிரி வரும்." மூச்சு வாங்கினார். "அம்மாகிட்ட நானே வந்து கேட்டிருக்கலாம். இவனுக்குத் தொழில் தெரியலேன்னு நெனைப்பாங்களேன்னு கூச்சப்பட்டுட்டேன். அடியில மறைவா இருக்கற எடத்துல ஒரே ஒரு நூலு நறுக்கிகினு வாம்மான்னு... நான்தாங்க அனுப்பிச்சேன். அம்மா சோபா கெட்டுடக் கூடாதேன்னுதான் அனுப்பிச்சேன்!"

லாரிக்காரன் பீடியைக் கீழே போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக் கொண்டான். ஏட்டு அய்யாசாமிக்கும் ஒரு மகள் உண்டு. அவர் விலங்கோடு நின்றபடியே அழுதார்.

ராஜாங்கம் குனிந்து கண்ணையனைத் தூக்கி நிறுத்தினார். அந்த மனிதர் ஒரு குழந்தையின் கனம்கூட இல்லை.

கஸ்தூரியம்மாளின் முகத்தில் இப்போதுதான் ரத்தம் வற்றியது. ஒரு நூல்! அவளுடைய சோபாவுக்காகவே ஒரு நூல்! தலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்து, கையில் பட்டதைப் பிடித்து, தொப்பென்று உட்கார்ந்தாள்.

சோபாவில்!

ராஜாங்கம் விலங்கை வாங்கிக்கொண்டு அவளை நெருங்கினார்.

"எழுந்திருங்கம்மா... இன்னும் ஈரம் காயலை. வெல்வெட்டு கெட்டுடப் போவுது!"